அரசு முன்பே எழுதிவைக்கும் கணக்கு

இந்தியாவில் வருமான வரி வரம்புக்குள் வரும் ஒருவர் தம் ஓராண்டு வருமானத்தைப் பற்றி அரசிடம் ஒரு சொல் சொல்வதற்கு முன்பே, அந்த வருமானத்தின் பெரும்பகுதி அரசின் ஏட்டில் பதிவாகிவிடுகிறது. சம்பளம் தரும் நிறுவனம், வட்டி தரும் வங்கி, ஈவுத்தொகை வழங்கும் கம்பெனி, பங்கு விற்பனையைப் பதிவுசெய்யும் அமைப்பு, நிலத்தைப் பத்திரப்பதிவு செய்யும் சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய ஒவ்வொன்றும் அவருடைய பான் எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அனுப்ப, அவை அனைத்தும் வருமான வரித் துறையின் மின்தாக்கல் தளத்தில் அவர் பெயரில் உள்ள கணக்கில் வந்து சேர்கின்றன. முன்பு குடிமக்கள் எழுதிக் கொடுத்தார்கள், அதிகாரி சரிபார்த்தார். இப்போது கணக்கு எழுதி நீட்டுகிறது, சரிபார்க்கும் வேலை குடிமக்களுடையதாகிவிட்டது.

இந்த இடமாற்றத்தின் பொருள் இன்னும் பலருக்கு விளங்கவில்லை என்பதை, ஜூலை மாதக் கடைசியில் மட்டும் அந்தத் தளத்தைத் திறந்து, ஏற்கெனவே நிரப்பப்பட்ட எண்களை அப்படியே ஏற்று, பொத்தானை அழுத்திவிட்டு வெளியேறும் வழக்கம் காட்டுகிறது. நிரப்பப்பட்டது எல்லாம் சரிபார்க்கப்பட்டது ஆகாது. படிவத்தின் இறுதியில் உள்ள உறுதிமொழி, அதில் கண்ட விவரங்கள் உண்மையானவை, முழுமையானவை என்று வரி செலுத்துபவரே சொல்வதாக அமைந்திருப்பதால், வங்கி செய்த தவறுக்கும் நிறுவனம் விட்ட பிழைக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே ஆகிறார்.

தாளிலிருந்து தளத்துக்கு

இந்தியாவில் நவீன வருமான வரி 1860 ஆம் ஆண்டில், வைஸ்ராயின் கவுன்சிலில் நிதிப் பொறுப்பை வகித்த ஜேம்ஸ் வில்சனால் அறிமுகப்படுத்தப்பட்டது. 1857 எழுச்சியை அடக்கியதால் காலியான கருவூலத்தை நிரப்புவதே அதன் நோக்கம். அதை வெளிப்படையாக எதிர்த்துத் தம் குறிப்பைப் பத்திரிகைகளில் வரச் செய்த சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன், அதற்காகவே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அந்த வரி பின்னர் நிறுத்தப்பட்டும் மீண்டும் விதிக்கப்பட்டும் வந்து, சுதந்திர இந்தியாவில் 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமாக நிலைபெற்றது. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டப்படும் வருமானத்துக்கு 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். பழைய சட்டத்தில் வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு ஒரு பெயரும், அதற்கு அடுத்து வரி கணக்கிடப்படும் ஆண்டுக்கு ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று வேறு பெயரும் இருந்து பலரையும் குழப்பின. புதிய சட்டம் ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயரை வைத்து அந்தக் குழப்பத்தை நீக்குகிறது.

கணினிவழித் தாக்கல் 2006 ஆம் ஆண்டில் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, படிப்படியாகத் தனிநபர்களுக்கும் விரிந்தது. தாக்கலாகும் படிவங்களை நாடெங்கும் உள்ள வட்ட அலுவலகங்கள் தனித்தனியே பார்ப்பதற்குப் பதிலாக, பெங்களூரில் அமைக்கப்பட்ட மையச் செயலாக்க மையம் கணினி வழியே ஒன்றாகப் பரிசீலிக்கத் தொடங்கியதும் துறையின் வேகம் மாறியது. இன்போசிஸ் நிறுவனம் வடிவமைத்த இப்போதைய தளம் 2021 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டபோது முதல் சில மாதங்கள் தொழில்நுட்பக் கோளாறுகளால் திணறியது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் ‘ஆண்டுத் தகவல் அறிக்கை’ என்னும் பகுதி அதனுடன் இணைந்த பிறகு, படிவம் தாக்கல் செய்யும் இடமாக இருந்த தளம், ஒருவரின் பணப் புழக்கம் முழுவதையும் அவருக்கே காட்டும் கணக்கு ஏடாக வளர்ந்தது.

கணக்கின் திறவுகோல்கள்

இந்தக் கணக்கின் பயனர் பெயர், நிரந்தரக் கணக்கு எண் எனப்படும் பான் எண்ணே ஆகும். பத்து இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் ஆங்கில எழுத்துகள், இடையில் உள்ள நான்கும் இலக்கங்கள். நான்காவது எழுத்து ‘பி’ என்றிருந்தால் அது தனிநபருக்கு உரியது என்று பொருள். பான் எண்ணை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 2023 ஜூன் 30 ஆம் தேதிக்குள் இணைக்காதவர்களின் பான் செயலற்றதாக அறிவிக்கப்பட்டு, அவர்களுக்கு அதிக விகிதத்தில் வரி பிடிக்கப்படுவதும், திரும்பி வர வேண்டிய தொகை நிறுத்திவைக்கப்படுவதும் அதன் விளைவுகளாக அமைந்தன. விலக்கு பெற்ற பிரிவினர் நீங்கலாக மற்றவர்கள், 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தித்தான் அதை மீண்டும் செயல்படுத்த முடிந்தது.

பான், ஆதார் ஆகிய இரண்டைத் தவிர, கணக்குடன் இணைந்த கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் நடைமுறையில் இன்றியமையாதவை. துறையின் கடிதங்களும் நோட்டீசுகளும் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும் கணக்கின் உட்பக்கத்துக்குமே வருகின்றன. திரும்ப வரும் வரிப்பணம், அதாவது ரீஃபண்ட், பான் எண்ணுடன் இணைந்து தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்பப்படுகிறது. வங்கிகள் இணைந்ததால் கிளைக் குறியீடு மாறிய கணக்கோ, பெயரின் எழுத்துகள் பான் அட்டையோடு பொருந்தாத கணக்கோ இந்தச் சரிபார்ப்பில் தோற்றுவிடும் என்பதால், தாக்கலுக்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பலர் முதன்முறை கணக்குத் தொடங்கும்போது ஆடிட்டரின் அல்லது பிரவுசிங் சென்டர்காரரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துவிடுகிறார்கள். அப்போது அது வசதியாகத் தோன்றினாலும், பின்னாளில் ஒரு நோட்டீஸ் வந்தால் அது உரியவருக்குத் தெரியாமலே போய், பதில் தரும் கெடு கடந்துவிடும் நிலை உருவாகிறது. சுயவிவரப் பக்கத்தில் முதன்மைத் தொடர்பாகத் தம் சொந்த எண்ணையும் முகவரியையும் வைத்துக்கொண்டு, உதவி செய்பவருடையதை இரண்டாவது தொடர்பாகச் சேர்ப்பதே முறையான ஏற்பாடு.

அரசு அறிந்ததும் அறியாததும்

கணக்கில் உள்ள தகவல்களை மூன்று ஆவணங்கள் தாங்கி நிற்கின்றன. முதலாவது, படிவம் 26ஏஎஸ் எனப்படும் வரிவரவு அறிக்கை; ஒருவரின் வருமானத்திலிருந்து பிறர் பிடித்துச் செலுத்திய வரி அதில் இருக்கும். பணம் கொடுப்பவரே ஒரு பகுதியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் இந்த முறைக்கு டி.டி.எஸ். என்று பெயர். இரண்டாவது, ஏ.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை; இது வரி பிடிக்கப்படாத சேமிப்புக் கணக்கு வட்டி, ஈவுத்தொகை, பங்குகளும் பரஸ்பர நிதி அலகுகளும் வாங்கி விற்ற விவரம், வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் போன்றவற்றையும் சேர்த்துக் காட்டுவதால், 26ஏஎஸ்-ஐ விட மிகவும் விரிந்தது. மூன்றாவது, அந்த விரிந்த தகவல்களை வகைவாரியாகத் தொகுத்துத் தரும் சுருக்க அறிக்கை. படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்படும் எண்களில் பல இதிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

பெரிய பணப் பரிமாற்றங்களைத் தெரிவிக்க வேண்டிய கடமை வங்கிகளுக்கும் பதிவு அலுவலகங்களுக்கும் உண்டு. 1961 சட்டத்தின் கீழான விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகச் செலுத்தப்பட்டாலும், 30 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள சொத்து கைமாறினாலும், கிரெடிட் கார்டு நிலுவைக்கு ஆண்டில் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் செலுத்தப்பட்டாலும் அந்தச் செய்தி துறைக்குப் போய்ச் சேரும். இவை எல்லாம் வருமானம் என்று அரசு கருதிவிடுவதில்லை. வருமானத்துக்கும் செலவுக்கும் பொருத்தம் உண்டா என்று கணினி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குறிப்புகளாகவே இவை பயன்படுகின்றன.

இந்த ஏட்டில் உள்ள ஒவ்வொன்றும் சரியாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் வைப்புத்தொகையின் வட்டி, பொதுவாக முதல் பெயருக்கு உரியவரின் கணக்கிலேயே முழுவதுமாக ஏறும். ஒரே வட்டி வேறு வேறு தலைப்புகளில் இருமுறை வருவதும் உண்டு. பங்கு விற்ற தொகை சரியாக இருந்தாலும், அதை வாங்கிய விலை விடுபட்டோ மாறியோ இருக்கலாம். தந்தையிடமிருந்து மரபுரிமையாக வந்த பங்குகளில் இது அடிக்கடி நேர்கிறது. இத்தகைய இடங்களில், ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே கருத்துத் தெரிவிக்கும் வசதியைப் பயன்படுத்தி, தகவல் முழுமையாகச் சரியல்ல என்றோ, வேறு ஆண்டுக்கு உரியது என்றோ, வேறு பதிவில் ஏற்கெனவே அடங்கியது என்றோ குறிக்கலாம். அப்படிக் குறித்ததும் சுருக்க அறிக்கையில் உள்ள தொகை அதற்கேற்ப மாறுகிறது. தகவல் தந்த வங்கியிடமோ நிறுவனத்திடமோ உறுதிப்படுத்தலும் கேட்கப்படலாம்.

அதே சமயம், அரசின் ஏட்டில் இல்லாத வருமானங்களும் இருக்கின்றன. அவையே கவனக்குறைவாக விடுபடுபவை. மாடி வீட்டில் குடியிருப்பவர் வரி பிடிக்காமல் தரும் வாடகை, தெரிந்தவருக்குக் கடன் கொடுத்து வாங்கும் வட்டி, மாலை நேர டியூஷன் கட்டணம், வெளிநாட்டுக் கணக்கில் ஏறும் வருமானம் ஆகியவை ஏ.ஐ.எஸ்-இல் தோன்றாமல் போகலாம். மைனர் பிள்ளையின் பெயரில் போட்ட வைப்புத்தொகையின் வட்டியும், சட்டப்படி பெற்றோரில் அதிக வருமானம் உடையவரின் வருமானத்தோடு சேர்க்கப்பட வேண்டியது. அரசு காட்டாததால் அது வருமானம் ஆகாது என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அறிக்கையில் உள்ள எண்கள் தொடக்கப் புள்ளி மட்டுமே என்று தளமும் அறிவுறுத்துகிறது.

வேலை மாறிய ஒருவரின் கணக்கு

இரண்டு நிறுவனங்கள் தத்தம் அளவில் சரியாகவே கணக்கிட்டிருந்தாலும் மொத்தம் எப்படித் தவறாகும் என்பதற்கு, 2025-26 நிதியாண்டின் நடுவில் வேலை மாறிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதங்களில் ஒரு நிறுவனத்தில் 7,00,000 ரூபாயும், பின் ஆறு மாதங்களில் இன்னொன்றில் 7,50,000 ரூபாயும் அவர் பெற்றார் என்றும், வரி செலுத்துபவர் தேர்ந்துகொள்ளக்கூடிய இரண்டு வரிமுறைகளில் புதியதில் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்தடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என வரி உயர்ந்து, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதமாகிறது. சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. கழிவுக்குப் பின் உள்ள வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் மூலதன ஆதாயம் போன்றவை நீங்கலாக, கணக்கிட்ட வரி முழுவதும் தள்ளுபடியாகிறது.

முதல் நிறுவனம் அவர் ஆண்டு முழுவதும் இருப்பார் என்று கருதி, 14 லட்சம் சம்பளத்துக்கு 4 சதவீத கூடுதல் தீர்வையையும் சேர்த்து 81,900 ரூபாய் வரி எனக் கணித்து, ஆறு மாதங்களில் அதில் பாதியான 40,950 ரூபாயைப் பிடித்திருக்கும். பழைய சம்பள விவரத்தை அவர் தெரிவிக்காததால், இரண்டாவது நிறுவனம் தான் கொடுக்கும் 7,50,000 ரூபாயை மட்டும் பார்த்து, தள்ளுபடி வரம்புக்குள் இருப்பதாகக் கருதி எதுவும் பிடித்திருக்காது. இரண்டு சம்பளமும் சேர்ந்த 14,50,000 ரூபாயில் நிலையான கழிவு ஒரே முறைதான் கிடைக்கும் என்பதால், மீதமுள்ள 13,75,000 ரூபாய்க்கு உண்மையான வரி 89,700 ரூபாய். ஆக, 48,750 ரூபாயும் அதன் மேல் வட்டியும் அவர் கைப்பணத்திலிருந்து போக வேண்டியிருக்கும்.

சம்பள வரிப் பிடித்தத்துக்கான சான்றிதழான படிவம் 16 இரண்டு நிறுவனங்களிலிருந்தும் அவர் கையில் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே பார்த்தால் குறை எதுவும் தெரியாது. கணக்கில் இரண்டும் ஒன்றாகத் தோன்றும் இடத்தில்தான் பற்றாக்குறை வெளிப்படுகிறது. வங்கி வட்டியிலும் இதே கதைதான்: வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டதால் வரி முடிந்தது என்று 30 சதவீத அடுக்கில் உள்ள ஒருவர் நினைத்தால், மீதி 20 சதவீதம் அவர் பெயரில் நிலுவையாக நிற்கும்.

தாக்கல் என்பது இரண்டு படிகள்

எந்தப் படிவம் என்பதை வருமானத்தின் வகை தீர்மானிக்கிறது. சம்பளம் அல்லது ஓய்வூதியம், வீட்டு வருமானம், வட்டி ஆகியவை மட்டும் உள்ள, மொத்தம் 50 லட்சத்துக்குள் அடங்கும், இந்தியாவில் வசிப்பவருக்கு ‘சஹஜ்’ எனப்படும் முதலாம் படிவம்; மூலதன ஆதாயம் அதிகம் உள்ளவர்களுக்கும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் இரண்டாம் படிவம்; வணிகமும் தொழிலும் உள்ளவர்களுக்கு மூன்றாவதும் ‘சுகம்’ எனப்படும் நான்காவதும் உரியவை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வாடகையும் வட்டியும் பெறும் தமிழர்கள், வதிவிட நிலையைத் தவறாகக் குறித்து முதலாம் படிவத்தைத் தாக்கல் செய்தால் அது குறையுள்ள தாக்கலாகும். 12 லட்சம் வரையிலான தள்ளுபடியும் அவர்களுக்குப் பொருந்தாது.

அடுத்த முடிவு, இரண்டு வரிமுறைகளில் எதைத் தேர்வது என்பது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பு முறையாக இருப்பதால், பழைய முறையின் சலுகைகளான 1.5 லட்சம் வரையிலான சேமிப்புக் கழிவு, வீட்டு வாடகைப் படி விலக்கு, குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக் கழிவு ஆகியவை வேண்டுமென்றால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும். வணிக வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் படிவத்திலேயே முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்தால் மட்டுமே பழைய முறை கிடைக்கும். அந்த நாள் தவறினால், வருமானம் 5 லட்சம் வரை எனில் 1,000 ரூபாயும் அதற்கு மேல் எனில் 5,000 ரூபாயும் தாமதக் கட்டணம் ஆவதோடு, பங்கு விற்பனையில் ஏற்பட்ட நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் போய்விடுகிறது. சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. 2025 இல் அது செப்டம்பர் 16 வரை நீட்டிக்கப்பட்டது.

வரி ஒன்றும் இல்லை என்பதால் தாக்கலும் வேண்டாம் என்று கொள்வது பரவலான தவறு. புதிய முறையில் 4 லட்சத்தைத் தாண்டிய வருமானம் உள்ளவர், தள்ளுபடியால் வரி பூஜ்யமானாலும் படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அந்த அளவு வருமானம் இல்லாதவர்களும், ஆண்டில் மின்கட்டணமாக 1 லட்சத்துக்கு மேலோ, வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேலோ செலவிட்டால் அந்தக் கடமைக்குள் வருகிறார்கள்.

‘சமர்ப்பி’ என்ற பொத்தானோடு வேலை முடிவதில்லை. தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆதார் எண்ணுடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணாலோ, வங்கிக் கணக்கு அல்லது டீமேட் கணக்கு வழியாகவோ, நெட் பேங்கிங் மூலமோ இதைச் செய்யலாம். கையொப்பமிட்ட ஒப்புகைத் தாளைப் பெங்களூர் மையத்துக்கு அஞ்சலில் அனுப்பும் பழைய வழியும் இருக்கிறது. உறுதிசெய்யப்படாத படிவம் தாக்கலே செய்யப்படாததாகக் கருதப்படும். 30 நாள் கடந்து உறுதிசெய்தால், அந்த நாளே தாக்கல் நாளாகி, தாமதத்தின் விளைவுகள் எல்லாம் தொடரும். முதலீட்டுச் சான்றுகள், நன்கொடை ரசீதுகள் எதையும் படிவத்தோடு இணைக்க வேண்டியதில்லை என்பது அவை வைத்திருக்கத் தேவையில்லை என்று பொருள்படாது. கேட்கும்போது காட்ட வேண்டியவை அவை.

ஆண்டு நடுவில் வரும் கடமைகள்

கணக்கைத் திறக்கும் காலம் ஜூலை மட்டும் அல்ல. பிடித்தங்கள் போக ஆண்டுக்கு 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரி செலுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், அதை முன்கூட்டிய வரியாக நான்கு தவணைகளில் செலுத்த வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுத் தொகை என்பது அதன் வரிசை. வணிக வருமானம் இல்லாத, 60 வயது நிறைந்த, இந்தியாவில் வசிப்போருக்கு மட்டும் இதில் விலக்கு. தவறினால் பொதுவாக மாதம் 1 சதவீத வட்டி சேர்கிறது. மேலே சொன்ன வேலை மாறியவரின் கணக்கில் வட்டி ஏறியதும் இதனால்தான். தளத்தில் இணையவழி வரி செலுத்தும் பகுதியில் செலுத்துச் சீட்டு ஒன்றை உருவாக்கி, நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யு.பி.ஐ. போன்ற வழிகளில் பணம் கட்டலாம். சீட்டில் ஆண்டையும் வரியின் வகையையும் மாற்றிக் குறித்துவிட்டால் பணம் போய்ச் சேர்ந்தும் கணக்கில் தெரியாது என்பதால், அந்த இரண்டு கட்டங்களையும் இருமுறை பார்ப்பது தகும்.

சில வேளைகளில் சாதாரணக் குடிமக்களே வரி பிடித்துச் செலுத்துபவர்களாகவும் ஆகிறார்கள். 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் விலையுள்ள வீடோ மனையோ வாங்குபவர், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து, அந்த மாதம் முடிந்த 30 நாள்களுக்குள் தம் கணக்கு வழியே அரசுக்குச் செலுத்த வேண்டும். மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் தனிநபருக்கும் இதுபோன்ற கடமை உண்டு. பத்திரப்பதிவுச் செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டு வைக்கும் குடும்பங்கள் இந்த ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டுப் பின்னர் தாமதக் கட்டணம் செலுத்துகின்றன.

தாக்கலுக்குப் பின்

உறுதிசெய்யப்பட்ட படிவத்தைப் பெங்களூர் மையம் தன்னிடம் உள்ள தகவல்களோடு ஒப்பிட்டு, முடிவை ஓர் அறிவிப்பாக அனுப்புகிறது. அதில் ஒரு பக்கம் வரி செலுத்துபவர் காட்டிய எண்களும் எதிர்ப்பக்கம் துறை கணக்கிட்ட எண்களும் வரிசையாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுவே அந்த ஆண்டின் முடிவு. வேறுபட்டால் எந்த வரியில் வேறுபாடு தோன்றியது என்று பார்த்து, துறை சொல்வது சரி என்றால் பணம் செலுத்தவும், தவறு என்றால் திருத்தக் கோரவும் கணக்கிலேயே வழி இருக்கிறது. கூடுதலாகப் பிடிக்கப்பட்ட வரி மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு திரும்பும்; ஆனால் அந்தத் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி இல்லை.

படிவத்தில் அடிப்படைக் குறை இருந்தால் அதைச் சரிசெய்ய 15 நாள் கெடு தந்து நோட்டீஸ் வரும். தாமே பிழையைக் கண்டுகொண்டவர் திருத்திய படிவம் தாக்கல் செய்யலாம்; 2025 இல் தாக்கல் செய்யப்பட்ட படிவங்களுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை அந்த வாய்ப்பு இருந்தது. அதற்கும் பிறகு, விடுபட்ட வருமானத்தைத் தாமாக முன்வந்து காட்ட 2022 இல் கொண்டுவரப்பட்ட ‘புதுப்பித்த படிவம்’ இருக்கிறது. 2025 ஆம் ஆண்டின் திருத்தத்தால் அதற்கான காலம் 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீண்டது. தாமதமாகும் ஆண்டைப் பொறுத்து 25, 50, 60, 70 சதவீதம் கூடுதல் வரி சேர்கிறது. ரீஃபண்ட் கேட்பதற்கோ அதைக் கூட்டுவதற்கோ இந்தப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது.

விரிவான ஆய்வுக்கு எடுக்கப்பட்டாலும், 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட முகமறியா மதிப்பீட்டு முறையில், கேள்வி கேட்கும் அதிகாரி யார், எந்த ஊரில் இருப்பவர் என்பது வரி செலுத்துபவருக்குத் தெரியாது. கேள்வியும் பதிலும் ஆவணங்களும் கணக்கின் வழியாகவே போய்வருகின்றன. அலுவலகப் படியேறிக் காத்திருக்கும் அலைச்சலும் பேரத்துக்கான வாய்ப்பும் இதனால் குறைந்தன. எதிரில் அமர்ந்து வாய்மொழியாக விளக்கும் வசதி அருகியதால், தம் தரப்பை எழுத்தில் தெளிவாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கு இது புதிய சுமையாகவும் ஆகியிருக்கிறது.

போலியும் பூட்டும்

ரீஃபண்ட் தயார், இணைப்பைத் தொட்டு வங்கி விவரம் தருக என்று வரும் குறுஞ்செய்திகளில் பெரும்பாலானவை மோசடி வலைகள். துறை ஒருவரின் கடவுச்சொல்லையோ அட்டையின் ரகசிய எண்ணையோ செய்தியில் கேட்பதில்லை. உண்மையான தளத்தின் முகவரி அரசுக்குரிய ‘ஜிஓவி.இன்’ என்று முடியும். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் நோட்டீசுகளிலும் ஆணைகளிலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைக் கொடுத்து ஒரு நோட்டீஸ் உண்மையானதா என்று தளத்தின் முகப்பிலேயே, கணக்குக்குள் நுழையாமலே, சோதித்துப் பார்க்கலாம். ஆதார் ஓ.டி.பி., நெட் பேங்கிங் போன்ற வழிகளில் மட்டுமே உள்ளே வர முடியும்படி பூட்டைக் கடுமையாக்கும் வசதியும் இருக்கிறது.

குடும்பத் தலைவர் இறந்தால் அவருடைய கடவுச்சொல்லை வைத்தே பிள்ளைகள் தாக்கல் செய்துவிடுவது வழக்கமாக இருந்தாலும், அது முறையன்று. வாரிசு தம் சொந்தக் கணக்கிலிருந்து, இறப்புச் சான்றிதழையும் வாரிசு என்பதற்கான ஆவணத்தையும் பதிவேற்றித் தம்மைச் சட்டப்படியான வாரிசாகப் பதிவுசெய்துகொண்டு, இறந்த நாள் வரையிலான வருமானத்துக்குத் தாக்கல் செய்யலாம். அதன்பிறகே ரீஃபண்டும் வாரிசின் வங்கிக் கணக்குக்கு வரும்.

இந்த ஏற்பாடு, கைபேசியும் இணையமும் ஆங்கிலமும் கைவந்தவர்களை மனத்தில் வைத்து எழுந்தது என்ற குறையை மறுக்க முடியாது. ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே உள்ள 75 வயது நிறைந்தோர், குறிப்பிட்ட வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் வங்கியே வரியைப் பிடித்துக்கொள்ளும், தாக்கல் தேவையில்லை என்ற சலுகை ஒரு சிறு வட்டத்துக்கே உதவுகிறது. மற்ற முதியவர்கள் பிள்ளைகளையோ கட்டணம் வாங்கும் உதவியாளர்களையோ நம்பி இருக்க, அப்படி நம்பும்போது தம் பெயரில் என்ன தாக்கலாகிறது என்று பார்க்கும் பழக்கமும் கைவிட்டுப் போகிறது. அதிக ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்லி, கொடுக்காத நன்கொடையையும் கட்டாத வாடகையையும் எழுதிவிடும் இடைத்தரகர்களுக்கு இந்த நம்பிக்கையே முதலீடு. பின்னர் வரும் வரியும் அபராதமும் கணக்குக்கு உரியவரையே சேர்கின்றன.

ஆகவே, இந்த மின்கணக்கை நன்கு பயன்படுத்துவதற்கு முதல் தேவை, வீட்டில் இன்னொரு கணக்கு. சம்பளச் சீட்டுகள், வங்கிகள் தரும் வட்டிச் சான்றிதழ்கள், வாடகை வரவு, காப்பீட்டு ரசீதுகள், பங்கு வாங்கிய நாளும் விலையும் ஆகியவை ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே கோப்பில் சேர்ந்திருந்தால், தளத்தில் உள்ள எண்ணை ஒப்பிடுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். மார்ச்சில் முடியும் காலாண்டின் வரிப்பிடித்த விவரங்களை நிறுவனங்கள் மே 31 வரை அனுப்பக் கூடும் என்பதால், அந்த ஒப்பீட்டுக்கு ஏற்ற காலம் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகே வருகிறது. தம் கணக்கும் அரசின் கணக்கும் எங்கெங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று சொல்லத் தெரிந்தவர், படிவத்தைத் தாமே நிரப்பினாலும் ஆடிட்டரிடம் கொடுத்தாலும், அந்த உறுதிமொழியைத் தயக்கமின்றி ஏற்கலாம். அதைச் சொல்லத் தெரியும் வரை, நிரப்பப்பட்ட படிவம் எவ்வளவு ஒழுங்காகத் தோன்றினாலும் அது சரிபார்க்கப்படாத படிவமே.